ஆர்ச்டீக்கனின் சப்பாத்து

1 ஜூன் 1997, ஞாயிறு

இன்று ஆராதனைக்குப் பத்தொன்பது பேர். கீத்தின் நாயையும் சேர்த்தால் இருபது. பிரசங்கம் முழுக்க விழித்திருந்த ஜீவன் அது ஒன்றுதான்.

கீத் எங்கள் ரெக்டர், சபைப் பாதிரியார். முடிவில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு கடிதத்தை வாசித்தார். பிஷப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆர்ச்டீக்கன் ஜூலை 27 வருகிறாராம். எங்கள் சேர்ச்சில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாராம். இல்லை என்று பட்டால், பக்கத்து ஊர்ப் பெரிய சேர்ச்சோடு எங்களைச் சேர்த்துவிட்டுக் கட்டிடத்தை விற்றுவிடுவார்களாம்.

காரில் வரும்போது தனபாலன், "நல்லதுதானே லா, அங்க ஹீட்டர் இருக்கு" என்கிறார். இருபத்தெட்டு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

ஈப்போவிலிருந்து நர்ஸ் படிக்க வந்த வயதில், என்னைத் திலகம் என்று சரியாகக் கூப்பிடக் கற்றுக்கொண்ட முதல் ஆட்கள் இந்த சேர்ச் ஆட்கள். என் கல்யாணத்துக்கு என் பக்கத்தில் ஒருவரும் வர முடியவில்லை. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் இந்த சேர்ச் ஜோன் நின்றார், தொப்பி வைத்துக்கொண்டு. அந்த இடத்தை விற்பார்களா? விற்கட்டும் பார்க்கலாம்.

3 ஜூன், செவ்வாய்

கமிட்டி. இரண்டு மணி நேரம் பேசி ஒரு முடிவு: வியாழன்தோறும் ஹாலில் ஊருக்கு இலவச மதியச் சாப்பாடு. அறுநூறு நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஜோன் பூசணிக்காய் சூப் செய்வார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7 ஜூன், சனி

நானும் ஜோனும் எங்கள் ஊர் டூங்கபி முழுக்க நடந்து அறுநூறு தபால் பெட்டியிலும் நோட்டீஸ் போட்டோம். ஜோனுக்கு வயது எழுபத்தாறு, என்னைவிட வேகம். ஒரு வீட்டில் நாய். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

12 ஜூன், வியாழன்

வந்தவர் ஒருவர். அவரும் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். பிடித்து உட்காரவைத்து இரண்டு கிண்ணம் சூப் கொடுத்தோம். மூன்றாவதை எடுத்து வருவதற்குள் ஆள் மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார்.

13 ஜூன்

பூசணிக்காய் சூப்.

14 ஜூன்

அதேதான். தனபாலன் என்னோடு பேசுவதில்லை.

16 ஜூன், திங்கள்

பக்கத்து வீட்டு சிவனேஸ்வரியை வேலியோரம் பிடித்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், எப்போதும் சிரித்த முகம். அவள் வீட்டுப் பெட்டியில் நோட்டீஸ் போட்டது நானேதான். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"திலகமக்கா, பெட்டிக்குள்ள பீட்சாக்காரனும்தான் போடுறான். வீட்டை வந்து சொன்னாத்தானே வரலாம்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இது தெரியாதா எனக்கு? ஈப்போவில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள் என்று அம்மா மூன்று வருஷம் அந்த வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அந்த அம்மா பெற்ற பெண் நான். அறுநூறு வீட்டுக்கு மரியாதை இல்லாமல் காகிதம் போட்டுவிட்டு, யாரும் வரவில்லையே என்று ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

21 ஜூன், சனி

கீத்தையும் அழைத்துக்கொண்டு நேரில் சொல்லப் போனோம். சிவனேஸ்வரி வழிகாட்டி. ஒன்பது வீடு, ஒன்பது தேத்தண்ணி. கையை நீட்டி மறுத்தால் போதாது, மூன்று தரம் மறுக்க வேண்டும் என்று கீத்துக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதர் எல்லாவற்றையும் குடித்தார். ஆறாவது வீட்டில் டாய்லெட் எங்கே என்று என் காதில் கேட்டார். எட்டாவது வீட்டில் தானே கண்டுபிடித்துப் போய்விட்டார்.

எல்லா வீட்டிலும் ஒரே கதை. பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் போர்வையைப் போர்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற விக்னராஜா அங்கிள் மட்டும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகவே கேட்டார்.

"பிள்ளை, எங்களை மாத்தவோ வந்தனீங்கள்?"

ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்துவிட்டார்! கீத்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் காது வரை சிவந்து, சாப்பிடத்தான் கூப்பிட வந்தோம், சாமியைப் பற்றி நீங்கள் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சூப் ஊற்றுவேன் என்றார். அங்கிள் யோசித்தார்.

"நான் முருகனை விட்டிட்டு ஒரு இடமும் வரமாட்டன். சாப்பாட்டுக்கு வாறன்."

26 ஜூன், வியாழன்

பதினான்கு பேர்! சிவனேஸ்வரி குசினிக்குள் போய் ஜோனின் சூப்பை ருசி பார்த்தாள். ஜோன் திரும்பிய நேரம் பார்த்து மிளகாயும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து ஊற்றினாள். ஜோன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, தன் கைப்பக்குவம் இன்று நன்றாக அமைந்துவிட்டது என்றார்.

10 ஜூலை, வியாழன்

இருபத்தாறு பேர். நாலு மேசையில் முன்னூற்றுநாலு நடக்கிறது, சீட்டாட்டம். சேர்ச் ஹாலில் சீட்டு ஆடலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். அதற்குள் கீத்தே ஆட உட்கார்ந்துவிட்டார். ஜோன் ஒரு மூலையில் செய்தித்தாளை வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். பாதி நேரம் இரங்கல் விளம்பரம்தான் வாசிக்கிறார்கள்.

13 ஜூலை, ஞாயிறு

ஆராதனைக்குப் பத்தொன்பது பேர். அதே பத்தொன்பது.

வியாழக்கிழமை ஹால் நிறைகிறது. ஆனால் ஆர்ச்டீக்கன் வருவது ஞாயிற்றுக்கிழமை. அவர்களைக் கூப்பிட்டால் என்ன என்று தனபாலன் கேட்கிறார். எப்படிக் கூப்பிடுவது? மாற்ற வரவில்லை என்று அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துச் சொன்னோமே. இப்போது தலை எண்ணிக்கை காட்ட வாருங்கள் என்றால் அது என்ன நியாயம்? மாட்டேன். கட்டிடம் போனாலும் மாட்டேன்.

24 ஜூலை, வியாழன்

ஆர்ச்டீக்கன் வரும் விஷயத்தை ஜோன் உளறிவிட்டார். சிவனேஸ்வரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டு விசேசம் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அது அப்படி இல்லை, உங்களைக் காட்சிக்கு வைத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒன்பது வீடு ஏறி இறங்கிய ஆளின் வீட்டு விசேசத்துக்குப் போகாவிட்டால் தங்களுக்குத்தான் மரியாதைக்கேடு என்கிறாள். விக்னராஜா அங்கிள் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

27 ஜூலை, ஞாயிறு

ஐயோ.

முதலிலிருந்து எழுதுகிறேன். காலையிலிருந்து மழை, இந்த ஊர் ஜூலைக் குளிர் வேறு. ஒன்பதரைக்கு முப்பத்துமூன்று பேர் வந்தார்கள், பட்டுச்சேலை, கோட்டு, விபூதி எல்லாமாக. சாமி இருக்கிற இடம் அல்லவா? வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். முகப்பு முழுக்க ஈரச் சப்பாத்து. போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்ல ஜோன் வாய் திறந்தார், அதற்குள் ஆர்ச்டீக்கனின் கார் வந்துவிட்டது.

ஆறடி மனிதர். சப்பாத்துகளைப் பார்த்தார். உள்ளே சாக்ஸ் காலோடு நிற்கும் பெரியவர்களைப் பார்த்தார். குனிந்து தன் சப்பாத்தையும் கழற்றினார். இடது சாக்ஸில் கட்டைவிரல் வெளியே. அவரே கழற்றிய பிறகு நாங்கள் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? எல்லாரும் கழற்றினோம். தரை ஐஸ். தனபாலன் சொன்ன ஹீட்டர் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்காரர்கள் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, எங்களைவிட ஒழுங்காக இருந்தார்கள். நாய்கூட அசந்துபோய்ப் பார்த்தது.

பிறகு தேநீர். ஆர்ச்டீக்கன் என்னிடம் வந்து, இவர்கள் எல்லாரும் உங்கள் சபையாரா என்று கேட்டார். கீத் கூரையைப் பார்க்கிறார். ஆமா என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டும். கட்டிடம் நிற்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை. நாங்கள் பத்தொன்பது பேர்தான். இவர்கள் இந்துக்கள். எங்களுக்காக வந்திருக்கிறார்கள்" என்றேன்.

"ஓ" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார்.

கிளம்பினார். முகப்பில் அவர் சப்பாத்து இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அவரவருடையதைப் போட்டுக்கொண்டு போயாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கறுப்புச் சோடி, ஏழாம் சைஸ், அவர் காலில் பாதிக்குக்கூடக் காணாது. தனபாலன் கார் டிக்கியிலிருந்து தன் நீல ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கி போட்ட ஆர்ச்டீக்கன் மழையில் சளக் சளக் என்று நடந்து காருக்குப் போனதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

முடிந்தது. என் வாயாலேயே பாதி முடித்தேன், மீதியைச் சப்பாத்து முடித்தது. அழுகையாக வருகிறது.

31 ஜூலை, வியாழன்

விக்னராஜா அங்கிள் இன்று மேசைக்குக் கீழே காலை நீட்டி நீட்டிக் காட்டினார். பளபளவென்று பெரிய கறுப்புச் சப்பாத்து. உள்ளே பேப்பர் திணித்திருக்கிறார்.

"மகன் சொல்லாமல் கொள்ளாமல் புதுசு வாங்கி வாசல்ல வைச்சிட்டான், பிள்ளை. பழசிலை தண்ணி போறதைக் கவனிச்சிருக்கிறான். கொஞ்சம் பெரிசு, அது பரவாயில்லை."

மகன் காரில் அவசரப்படுத்தினானாம். தன் சப்பாத்து இருந்த இடத்தில் புதுசைப் பார்த்ததும் இவருக்கு அப்படித்தான் தோன்றியதாம். வீட்டுக்குப் போய் நன்றி சொன்னாராம். மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "நோ வொரீஸ், அப்பா" என்றானாம்.

ஆர்ச்டீக்கனின் சப்பாத்து அது! குசினிக்குள் ஓடி சிவனேஸ்வரியிடம் சொன்னேன். அவள்தான் போய் மெதுவாகச் சொன்னாள். அங்கிள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். சப்பாத்தைக் கழற்றிப் பேப்பர் விரித்து அதன்மேல் வைத்துவிட்டு, பின்னேரம் முழுக்க சாக்ஸோடு இருந்தார். தபாலில் அனுப்பலாம் என்றேன். கேட்கவில்லை. தன் கையால்தான் கொடுக்க வேண்டுமாம்.

ஆர்ச்டீக்கனின் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். அவரே பேசினார். அடுத்த வியாழன் தானே வருகிறாராம்.

7 ஆகஸ்ட், வியாழன்

வந்தார், தனபாலனின் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு. ஹாலில் நாற்பத்தொரு பேர். அங்கிள் எழுந்து நின்று சப்பாத்தை இரண்டு கையாலும் கொடுத்து, ஸ்டேசன் மாஸ்டர் இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தார். ஒரு வாரமாகப் பொலிஷ் போட்டிருக்கிறார், முகம் பார்க்கலாம். வாங்கின நாளில்கூட இப்படி இருந்ததில்லை என்றார் ஆர்ச்டீக்கன்.

போய்விடுவார் என்று நினைத்தேன். சூப் குடித்தார், இருமினார், இன்னும் கேட்டார். அங்கிளின் மேசையில் ஒரு கை குறைந்தது, உட்கார வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் தன் கூட்டாளி பிடிக்க இருந்த சீட்டையே துரும்புச் சீட்டு போட்டு வெட்டினார். அங்கிளுக்கு ஆர்ச்டீக்கனாவது ஒன்றாவது.

"தன்ர ஆளையே வெட்டுறார், இந்த மனுசன்!"

என்ன சொல்கிறார் என்று ஆர்ச்டீக்கன் என்னிடம் கேட்டார். வேகமாகக் கற்றுக்கொள்கிறீர்கள் என்கிறார் என்றேன். அந்த ஞாயிறன்று உண்மை பேசியதே இந்த மாதத்துக்கும் போதும்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது ஒரு கேள்விதான் கேட்டார். சமைக்கிறதும் பாத்திரம் கழுவுகிறதும் அந்தப் பத்தொன்பது பேரா? ஆமாம், கூடவே சிவனேஸ்வரியும் என்றேன். சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

9 ஆகஸ்ட், சனி

விக்னராஜா அங்கிளின் மகன் கதவைத் தட்டினான். தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் கேட்டான், "அன்ரி, அப்பாவின் சப்பாத்து என்ன சைஸ் என்று தெரியுமா?"

ஏழு என்றேன்.

4 அக்டோபர், சனி

தனபாலன் இரண்டு வாரமாகக் கராஜில் அறுத்துக்கொண்டிருந்த சப்பாத்து அலுமாரியை இன்று முகப்பில் பொருத்தினார். அறுபது சோடி வைக்கலாம். கட்டிடத்தை விற்பதா இல்லையா என்று மட்டும் இன்னும் கடிதம் வரவில்லை.

சேர்ச் சுவரில் ஆணி அடிக்கவும் மேலிடத்து அனுமதி வேண்டும். இவர்தான் விண்ணப்பப் பாரம் நிரப்பி அனுப்பினார். இது எத்தனை வருடப் பயன்பாட்டுக்கு என்று அதில் ஒரு கேள்வி. இருபது என்று எழுதியிருக்கிறார், என்னைக் கேட்காமலே. பாரம் நேற்றுத் திரும்பி வந்தது. ஆர்ச்டீக்கன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கீழே பேனாவால் ஒரு குறிப்பு: ஒவ்வொரு தட்டிலும் பெயர் எழுதவும், என்னுடையது பதினொன்றாம் சைஸ்.

அந்த இருபதையும் கையெழுத்தையும் எத்தனை தரம் பார்த்தேனோ. சப்பாத்து அலுமாரிக்கு யாராவது அழுவார்களா என்று ஜோன் கேட்டார். வார்னிஷ் கண்ணில் எரிகிறது என்றேன்.