பதினாறாம் தேதிக் கட்டம்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவுக்கு மூச்சு வாங்குவது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் படகு கம்பெனியில் யாருக்கு எந்த நாள், எந்தப் படகு என்று எல்லாரும் போனில் பார்க்கவும் எழுதவும் முடிகிற அட்டவணையை, என் ஓய்வு நேரம் தெரியட்டும் என்றுதான் உனக்கு அனுப்பினேன். நீயோ பதினாறாம் தேதிக்கான என் கட்டத்தில், 'அப்பாவுக்கு ஆபரேஷன், பிள்ளை வீட்டுக்கு வருவான்' என்று எழுதிவிட்டாய். அது பதினெட்டு பேர் போனிலும் தெரியும் அம்மா!

"யாருப்பா இது, கேக்காமலே லீவு போட்டது?" என்றார் மேனேஜர்.

"எங்கம்மா சார், தெரியாம கை பட்டிருச்சு."

"கை பட்டா இவ்வளவு எழுத்தா விழும்?" என்றார் டிக்கெட் கவுண்டர் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்புறம் மேனேஜரிடம் தனியாகப் போய் லீவு கேட்டேன். "சீசன்ல ஓட்ட வேற ஆள் இல்லையேப்பா" என்றார். அவர் நல்லவர்தான். நீ எழுதியதை அழிக்க அவருக்கே கை வரவில்லை. நான்தான் அழித்தேன்.

மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வை. அட்டவணையில் இனி எதையும் தொடாதே.

ஆனால் படகு ஓட்டும்போது போன் பேசக் கூடாது, அட்டவணை மட்டும் எதிரே திறந்திருக்கும். அதனால் அன்றைக்கு அப்பா கண் விழித்ததும் என் கட்டத்தில் எழுதிவிடு. பதினெட்டு பேரும் பார்க்கட்டும்.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் பிள்ளை