வெள்ளையில் சிவப்புச் சிலுவை

கற்பிட்டி,
11.09.2025

அன்புள்ள மகள் டெனிஷாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகம் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன் தொலைபேசி நிறுத்தியே கிடக்கிறது. உன் வேலைத்தலத்தின் எண்ணை நான் கேட்டு வைக்கவில்லை. இதைக் கொண்டுவருபவர் பக்கத்து வீட்டு ஷஃபீனாவின் தம்பி அர்கம். அவரும் இங்கிலாந்தில், உங்கள் நகரத்தின் மறு பக்கத்தில்தான் வேலை செய்கிறார். லீவு முடிந்து சனிக்கிழமை பயணம்.

போன மாதம் உன் தெருவின் படம் அனுப்பியிருந்தாய். ஒரே அச்சில் வார்த்தது போல செங்கல் வீடுகள், கத்தரித்த செடிவேலி, மருந்துக்கும் ஒரு மனிதர் இல்லை. விளக்குக் கம்பங்களில் மட்டும் வரிசையாகக் கொடி, வெள்ளையில் சிவப்புச் சிலுவை. தலவில அன்னம்மாள் திருவிழா முடிந்த கிழமை அது. உயிர்ப்பு ஞாயிறன்று ஆண்டவரின் சுரூபம் கையில் பிடித்திருக்கும் கொடியல்லவா என்று கண்டவுடன் சொன்னேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்ற பெருமை எனக்கு. சுவாமியாரிடமும் படத்தைக் காட்டி, இங்கிலாந்துக்காரர் விசுவாசத்தைக் கைவிட்டார்கள் என்று இனிப் பிரசங்கத்தில் சொல்லவேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பேசியபோது, இது அப்படியில்லை அம்மா என்று ஏதோ சொல்ல வந்தாய். நான் விடவில்லை. குடிவந்து ஒரு வருடமாகியும் அயலுக்கு முகம் காட்டாமல் இருப்பது நம் குடும்பத்துப் பழக்கமல்ல என்று கண்டித்தேன். கொடி கட்டுகிறவர்களிடம் போய், எந்தப் புனிதரின் திருநாள் என்று கேட்டு, ஒரு தட்டுப் பற்றிஸ் பொரித்துக் கொடுத்துவிட்டு வா என்றேன். சரி அம்மா, நாளைக்குப் போறன் என்றாய். சின்ன வயதிலிருந்தே நீ என் சொல்லைத் தட்டியதில்லை. இப்போது எனக்கு அதுதான் பயம்.

நேற்று அர்கம் அந்தப் படத்தைப் பார்த்தார். ஷஃபீனா வைத்த தேத்தண்ணீரை அவர் தொடவில்லை. இது பெருநாள் கொடியில்ல ஆன்ட்டி, இங்கிலாந்துட நாட்டுக் கொடி, கட்டுற எல்லாரும் கெட்டவங்களும் இல்ல, ஆனா நம்மளப் போல ஆக்களப் பயங்காட்டக் கட்டுறவங்களும் இருக்காங்க என்றார். அவருடைய தெருவில் ஒரு வீட்டின் ஜன்னலை உடைத்தார்களாம். டெனிஷா கத்தோலிக்கப் பிள்ளை, கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறாள் என்றேன். அவங்க தோலத்தான் பார்ப்பாங்க, சங்கிலியப் பார்க்க மாட்டாங்க என்றார். அந்தப் பேச்சை ஒரு முஸ்லிம் பிள்ளையான அவரிடமே பேசியதற்கு வெட்கப்படுகிறேன். அவர் முகம் சுளிக்கவில்லை. உன் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக அங்கே போகிறேன் என்றார்.

ஞாயிறு மாலை அவர் உன் வாசலில் நிற்பார். பயத்தில் நீ திறக்காமல் இருக்கலாம் என்பதால், கடிதத்தைக் கதவின் துவாரத்தால் போடச் சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்தபின் திற. அவருடைய தொலைபேசியில் ஒரு சொல் பேசு. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன்.

நான் சொன்னது பிழை, மகள். இந்த ஒரு தடவையாவது நீ என் சொல்லைக் கேளாமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்று புனித அன்னம்மாளை மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
பவுலினா