வாசலில் நிற்கிற வேலை

என் வீட்டு அதிகாரிக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன்.

உன் அண்ணனும் அண்ணியும் கடல் தாண்டி இந்த ஊருக்குப் பாட்டுக் கேட்க வருகிறார்களாமே. மேனேஜர் வேலை என்று உன்னிடம் அளந்துவிட்டேன். உண்மையில் கச்சேரி மண்டபத்து வாசலில் நின்று, வெளியூர்க்காரர்களைக் கூவி உள்ளே தள்ளுவதுதான் என் வேலை. மேடையில் இருப்பவர்கள் சும்மா கையை ஆட்டுவார்கள், பாட்டு பெட்டியிலிருந்து வரும். டிக்கெட் யானை விலை.

நேற்று ஒரு அம்மா புருஷனோடு தமிழ் பேசிக்கொண்டு போனார். "அக்கா, மத்த இடமெல்லாம் ஏமாத்து, இங்க வாங்க" என்றேன். முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை தம்பி, நம்ம ஆளு நீ இருந்தே. இல்லன்னா ஏமாந்திருப்போம்" என்றார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அப்புறம் சோறே இறங்கவில்லை.

ஆள் நின்று கூப்பிடாத மண்டபமாகப் பார்த்து அண்ணனை நுழையச் சொல். பிறகு என் ரூமுக்கு வரட்டும். அண்ணியிடம் ஒரு கைலி கொடுத்தனுப்பு. அப்படியே என்னை நன்றாகத் திட்டி நாலு பக்கம் எழுதியும் கொடு.

முதலாளி கத்துகிறார். இந்தத் தெருவில் யாராவது தமிழில் கூப்பிட்டால் அண்ணன் திரும்பிப் பார்க்க வேண்டாம். அது நானாகத்தான் இருக்கும்.