ஓடாத மாதத்துக்கு ‘நில்’

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று கண்ணமங்கலம் பெட்ரோல் பங்கில் டீசல் வாசனை மூக்கில் ஏறியதும் அழுதுவிட்டேன். விலையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்த பங்க் அம்மா, “இன்னா சார் பண்றது, எல்லாருக்கும் அதே ரேட்டுதான்” என்று ஆறுதல் சொன்னார். அது உன் சட்டையின் வாசனை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜமுனாமரத்தூர் சாமை ஆலையில் நீ ஜெனரேட்டரை ஓட்டினாய். அதே ஆலையில் குமாஸ்தாவான நான் அதைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதினேன். சொந்தமாக மின்சாரம் எடுக்கும் ஆலை, எத்தனை யூனிட் எடுத்தது என்று மாதாமாதம் படிவம் அனுப்ப வேண்டும். ஓடாத மாதத்துக்கும் ‘நில்’ என்று எழுதி அனுப்ப வேண்டும். இங்கிலீஷில் அதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தம் என நான் விளக்கியபோது நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “அது பாட்டுக்கு நின்னுகினு கீது. அதுக்குப் போயி நில்லுன்னு எதுக்குய்யா லெட்டரு?”

அதன்பின் எங்கே பார்த்தாலும், “இன்னா நில்லு, சாப்ட்டியா?” சந்தையில் காய் விற்கிறவர்கள் வரை அந்தப் பெயர் பரவியது.

ஓர் ஐப்பசியில் மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து கரண்ட் லைன் அறுந்தது. ஒன்பது நாள் நீ வீட்டுக்கே போகாமல் ஜெனரேட்டரை ஓட்டினாய். ரீடிங்கை நோட்டில் எழுதி என் மேஜைமேல் வைத்தாய். நானோ முந்தைய மாதப் படிவத்தைப் பார்த்து ‘நில்’ என்று அப்படியே காப்பியடித்து அனுப்பிவிட்டேன்.

மலையே இருட்டில் கிடந்த மாதத்தில் ஜெனரேட்டரும் ‘நில்’ என்றால் ஆலை மட்டும் எப்படி ஓடியது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. முதலாளி அதை ஆட்டிக்கொண்டு கத்தினார்: “எவன்யா பொய் எழுதுனது? ஆலைக்கு சீல் வெச்சிடுவானுங்க!”

நான் பெயருக்கேற்றபடி நின்றேன். நீதான், “நாந்தாங்க ரீடிங் குடுக்கல” என்றாய். அன்றைக்கே உன்னை அனுப்பிவிட்டார்.

கேட்டருகே உன் கையைப் பிடித்தேன். “வுடுய்யா. உன் பொண்ணுங்க ரெண்டும் காலேஜு படிக்குதுங்க. எனக்கு இன்னா, நெலம் கீது, பொயச்சிக்குவேன்.” நாளைக்கே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்குள், போன மாதம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இப்போதெல்லாம் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுந்துபோய் மீட்டரை என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். தன்னை நம்பவில்லை என்று புது ஆபரேட்டருக்குக் கோபம். நான் நம்பாதது அவரையல்ல.

இன்று பீரோவில் அந்த நோட்டீஸ் கிடைத்தது. பின்பக்கத்திலும் ஒரு வரி இருந்திருக்கிறது. அன்று நாங்கள் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ‘தவறு நேர்ந்திருப்பின், திருத்திய படிவம் அனுப்பினால் போதுமானது.’