கால்வாய் ஓரத்து வயலை உழுதுவிட்டார்கள்

பனாத்,
மார்ச் கடைசி, ஞாயிறு மாலை

அன்புள்ள ராதோவானுக்கு,

நெவேனா எழுதுவது. நான் நலம், கோழிகள் நலம், போகுமுன் நீ மாற்றிய ஓடுகள் குளிர்காலம் முழுக்க ஒழுகாமல் நின்றன. லின்ஸில் இன்னும் பனி விழுகிறது என்றாய். வேலைத்தளத்தில் ஈரக் கையுறையை அப்படியே மாட்டிக்கொள்ளாதே, போன வருஷம் போல விரல் வெடித்துவிடும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் வானிலை அறிக்கைதான் வாசிக்கிறோம். அங்கே பனியா, இங்கே காற்று. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அதற்குள் உன் அறைக்கு யாராவது வந்துவிடுகிறார்கள். நான் கேட்க வேண்டியதை எழுதித்தான் கேட்க முடியும் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தால் இதுவும் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்வாய் ஓரத்து வயலை உழுதுவிட்டார்கள்.

நீ போவதற்கு முன்னால் நாம் சேர்ந்து ரை தானியமும் காட்டுப்பயறும் கலந்து விதைத்தோமே, அதே வயல்தான். அன்றைக்கு விதைப்பெட்டியில் விதையைக் கொட்டிக்கொண்டே, "அறுக்கப்போறதில்ல, விக்கப்போறதில்ல, மாட்டுக்குப் போடப்போறதும் இல்ல, அப்புறம் எதுக்குடி இது?" என்று கேட்டாய். குளிர்காலத்தில் மண் வெறுமையாகக் கிடக்கக் கூடாது, வேர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கோடு பிசகாமல் விதைத்துக் கொடுத்தாய். அதனால் அது என்ன வயல் என்று உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இதை ஏன் இப்படி அழுத்தி எழுதுகிறேன் என்று பின்னால் புரியும்.

என் வேளாண் ஆலோசகர் பயிற்சியின் கடைசித் தேர்வு அந்த வயலில் நடக்க வேண்டியது. எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வயலைக் குளிர்காலம் முழுவதும் உழாமல் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் முடிவில் வகுப்பும் சுற்று வட்டார விவசாயிகளும் வந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால்தான் மாவட்ட அலுவலகத்தில் நான் ஆலோசகர். தேறாவிட்டால் பழையபடி மண் மாதிரிகளுக்கு எண் ஒட்டும் வேலை. அந்த வேலையும் நிரந்தரம் இல்லை.

போன வாரம் நோவிசாதில் வகுப்பு. எங்கள் பயிற்சியாளர் பிசெர்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், எப்போதும் ரப்பர் பூட்ஸோடுதான் வகுப்புக்கு வருவார். அவர் பிடிவாதக்கார விவசாயிபோல நடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஆலோசனை சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் மூடுபயிர், மண்ணின் ஈரம், மண்புழு என்று படித்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம் தாயி. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா, அதைக் கேக்க வந்தியாக்கும்னு நெனச்சேன்" என்று எழுந்து போய்விட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியப் பேருந்தில் திரும்பி வந்தேன். பாலம் தாண்டியதும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன். சுற்றிலும் எல்லாருடைய கறுப்பு வயல்களுக்கும் நடுவே நம்முடையது மட்டும் பச்சையாகத் தெரியும். பச்சையைக் காணவில்லை. வேறு பேருந்தில் ஏறி வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று உண்மையாகவே நினைத்தேன். ஓட்டுநரிடம் கேட்கக்கூட வாய் திறந்துவிட்டேன்.

நம் முற்றத்தில் மேஜை போட்டிருந்தது. மிலுதின் மாமா, தேசாங்கா அத்தை, தெருவிலிருந்து இன்னும் சிலர். எல்லாருடைய பூட்ஸிலும் சேறு. வாசலில் மூன்று டிராக்டர்கள். அத்தை நம் அடுப்பிலேயே பீன்ஸ் குழம்பு வைத்து, எனக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருந்தார். மாமா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "மருமவளே, கண்ண மூடிட்டு வா, ஒரு சந்தோஷம் காட்டுறேன்" என்றார். அப்போதுதான் விளங்கியது, நமக்கு மோபா செய்திருக்கிறார்கள். கூலி வாங்காமல் தெருவே கூடி ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுக்கிற வழக்கத்தை இந்தக் காலத்தில் யார் வைத்திருக்கிறார்கள்? உன் அப்பா தவறிய வருஷம் மக்காச்சோளம் அறுக்க வந்தார்கள், அதற்குப் பிறகு இப்போதுதான்.

என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதுவிட்டேன். தேசாங்கா அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "அழட்டும் விடுங்க. பாவம், பனிக்காலம் பூரா உள்ளயே வச்சிருந்தா" என்றார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

மோபாவுக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சமைத்துப் போட வேண்டும். அன்றைக்கு நான் இல்லாததால் அவர்களே கொண்டுவந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். ஆகவே இன்று ஞாயிறு, எல்லாரையும் கூப்பிட்டேன். என் தேர்வை உழுது போட்டவர்களுக்கு நான் இரண்டு கோழி அடித்து, நூடுல்ஸ் சூப்பும் கசகசா ரொட்டியும் செய்தேன். உன் அப்பாவின் பிளம் சாராயத்தையும் எடுத்து வைத்தேன். அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமா எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "உங்க வயல் என்னமா புடிச்சிருந்துச்சு தெரியுமா, கலப்பையே முக்குச்சு. அந்தக் களைக்கு என்ன வேர்றா சாமி" என்று பாராட்டினார்.

அப்போதுதான் சொன்னேன். அது களை இல்லை மாமா, நாங்கள் விதைத்தது என்று.

எல்லாரும் கரண்டியைத் தட்டில் வைத்தார்கள். பிறகு தேசாங்கா அத்தை மெதுவாகக் கேட்டார்: "வெதச்சதா? எதுக்கு?" சொன்னேன். இந்த முறை படித்ததை ஒப்பிக்காமல், என் தேர்வைப் பற்றி, ஏப்ரலில் வரப்போகிறவர்களைப் பற்றி எல்லாம் சொன்னேன். மாமா சாராயக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, ஊரு ஊராப் போயி பேசுறதுக்குப் படிக்கிற. நம்ம தெருவுல யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார். சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை என்றேன். "எப்படிக் கேப்போம்? புருஷன் நம்ம பழைய காலண்டர் கிறிஸ்துமஸுக்கு, ஜனவரியிலகூட வரல. வயல் மொளச்சுப் புதராக் கெடக்கு. பொண்ணு தலைகுனிஞ்சு போறா, தலைகுனிஞ்சு வர்றா. இதப் போயி ஒருத்தர் வாய்விட்டுக் கேப்பாங்களா?" என்றார் அத்தை.

ராதோவான், இவர்கள் நம் வயலைப் பார்த்து என்ன படித்துக்கொண்டிருந்தார்கள் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ என்னை விட்டுப் போய்விட்டாய் என்று தெரு முழுக்க முடிவு கட்டியிருக்கிறது. என் முன்னால் அதைப் பேசக் கூடாது என்பதற்காக, சேர்ந்து வந்து உழுதிருக்கிறார்கள். நான் இவ்வளவு புத்தகம் படிக்கிறேன், எனக்கு அந்தப் பச்சையில் ரையும் பயறும் மட்டும்தான் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும்போது மாமா வாசலில் நின்று, தன் மேல் பழி வரக் கூடாது என்பதுபோல, "நான் ஒண்ணும் கேக்காமப் பண்ணல மருமவளே. ராதோவானுக்குப் போன் போட்டேன். வயல் இப்படிக் கெடக்கு, உழுதுறலாமான்னு கேட்டேன். 'உங்களுக்குச் சரின்னு பட்டா செய்யுங்க மாமா'ன்னான்" என்றார்.

அவர் போன பிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்? மதியத்திலிருந்து இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வேலைத்தளத்து இரைச்சலில் எந்த வயல் என்று சரியாகக் கேட்டிருக்காது என்று முதலில் நினைத்தேன். மாமாவின் குரல் உனக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளிப் பேசினாலே கேட்கும். பிறகு, உனக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். உன் அப்பா வரப்புகூடச் சீப்பால் வாரியதுபோல வைத்திருந்தவர். அவர் மகன் வயல் புதராகக் கிடக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, 'அது என் பெண்டாட்டியின் பரீட்சை' என்று சொல்ல நாக்கு வந்திருக்காது. இதுவென்றால் எனக்குப் புரிகிறது, கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றும் தோன்றுகிறது. அதை எழுதாமல் விடுகிறேன். நீயே ஊகித்துக்கொள்வாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வயலைப் பற்றி எனக்கே இப்போது நிச்சயம் இல்லை. நேற்று நம் வயலிலிருந்து, இன்னும் வேர் ஒட்டியிருந்த ஒரு மண்கட்டியும் மாமா வயலிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து வந்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் காட்டுவார்கள்: வருஷா வருஷம் உழுத மண் உடனே கரைந்து சேறாகும், உழாத மண் கட்டியாகவே நிற்கும். இரண்டும் ஒன்றுபோலத்தான் கரைந்தன. பிசெர்காவுக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு பனிக்காலத்துல மண்ணு மாறிருமா? அஞ்சு வருஷமாச்சும் ஆகும். நீ என்ன, மந்திரவாதி வேலைக்கா படிக்கிற?" என்றார். அப்படியானால் ஏப்ரலில் வருகிறவர்களுக்கு நான் எதைக் காட்டுவதாக இருந்தேன்? நம்பிக்கையையா? அதேசமயம், இன்று காலை கொஷாவா காற்று கிளம்பியது. நம் வயலின் மண் கறுப்புப் புகையாக எழுந்து தேசாங்கா அத்தையின் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகள் மேல் படிந்தது. குளிர்காலம் முழுக்க வீசிய காற்றில் நம் வயல் ஒரு பிடி மண்கூட விடவில்லை. அத்தை விரிப்பை உதறிக்கொண்டே, "மார்ச்சுன்னா அப்படித்தான்" என்றார். யார் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதபோது நான் யாருக்கு ஆலோசகர்?

மோபா நடந்த கதையை பிசெர்காவிடம் முழுக்கச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: வகுப்பு நம் வயலுக்கே வரும், உழுதது உழுததாகவே காட்டலாம். இப்போதே ஓட்ஸும் பயறும் விதைத்து, இதுதான் முதல் வருஷம் என்று தொடங்கலாம். என் தேர்வையும் அதை வைத்தே எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரு நிபந்தனை. "நீ பேசுனா படிச்ச பொண்ணு பேசுறான்னு கேட்டுட்டுப் போயிருவாங்க. அஞ்சு வருஷம் இதுல கலப்பை எறங்காதுன்னு நிலத்துக்காரன் அவங்க முன்னால நின்னு சொல்லணும்" என்றார். நிலம் உன் பெயரில் இருக்கிறது.

மிலுதின் மாமா வேறு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செய்த தப்புக்குப் பரிகாரமாக, ஈஸ்டர் வாரம் முடிந்ததும் தன் விதைப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்து நம் வயல் முழுக்க மக்காச்சோளம் போட்டுக் கொடுப்பாராம், விதையும் அவருடையதே. "ஒத்தப் பொம்பளை எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றார். அப்படிப் போட்டால் பிசெர்கா சொன்னது நடக்காது. வேண்டாம் என்று நான் சொன்னால், தெரு என்னை நன்றி கெட்டவள் என்று நினைக்காது, அதைவிட மோசமாக, பாவம் என்று நினைக்கும். ஒத்தப் பொம்பளை என்ற சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை. ஆமாம் என்பதா, இல்லை என்பதா? அது எனக்குத் தெரிந்த கணக்கு இல்லை. உனக்குத்தான் தெரியும்.

ஐந்து வருஷம் என்று இன்னொருவரிடம் கேட்பது பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். மண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நீ எடுத்துக்கொண்டாலும் சரி. அதற்காவது ஒரு பதில் வேண்டும்.

மாமா எந்த நாள் காலையில் வருவார் என்று சொல்லவில்லை. டிராக்டர் சத்தம் கேட்டதும் யாராவது வாசலுக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும், அல்லது திறக்காமல் நிற்க வேண்டும். நான் நின்றால் அது என் சொல்லாகிவிடும். அன்றைக்கு நீ வாசலில் இரு, ராதோவான். மக்காச்சோளம் போடுங்கள் என்று சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன், பிசெர்காவுக்கு நானே போன் செய்துவிடுகிறேன். அதை நீ இங்கே நின்று சொல்.

பேருந்தோ, யாராவது ஒருவருடைய காரோ, எதில் வந்தாலும் ஓட்டுகிறவன் தூங்காமல் ஓட்டட்டும். கடவுள் உன் வழியைச் சேறில்லாமல் காய வைத்துக் கொடுக்கட்டும்.

இந்த வீட்டில் இருக்கும்,
நெவேனா