பரணடியில் கிடந்த டர்னிப் தழை பற்றிய மனு

அனுப்புநர்:
ஆர்டிஸ் ஸ்டூப்ஸ் (வயது 71),
க/பெ. லவெர்ன் ஸ்டூப்ஸ்,
டேமரிக் ஓடைச் சாலை,
ஹாலம் மாவட்டம், விஸ்கான்சின்.

பெறுநர்:
வனவிலங்கு மேலாளர் அவர்கள்,
ஹாலம் மாவட்டம்.

பொருள்: மான் தீவன நிலத்தில் டர்னிப் தழையைக் குவித்தது நான்தான் என்பதை ஏற்று, என் கணவர் மீது விதித்த மூன்றாண்டு வேட்டைத் தடையை என் பெயருக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தடை ஆணை, நாள் 5.12.2022. 2. என்னுடைய முந்தைய மூன்று கடிதங்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் கடிதத்துக்கு அச்சடித்த நன்றிச் சீட்டு ஒன்று வந்தது. இரண்டாவது கடிதம் படிவம் தவறு என்று திரும்பி வந்தது. மூன்றாவதற்குத் தொலைபேசியில் ஒரு பெண், "மேல கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றார். நல்லவிதமாகத்தான் பேசினார். மேலே யாரைக் கேட்டாரோ, மூன்று வாரமாகிறது. ஆகவே முதலிலிருந்து மறுபடி எழுதுகிறேன். படிக்கச் சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற எனக்கும் சலித்துவிட்டது.

1. எங்களுக்கு நூற்றிருபது ஏக்கர் நிலம். மாடுகளை விற்ற பிறகு பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். காட்டை ஒட்டிய ஏழு ஏக்கரை மட்டும் என் கணவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அது மான்களுக்கு. ஆண்டுதோறும் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார், சுண்ணாம்பு போடுகிறார், ஜூலைக் கடைசியில் டர்னிப் கிழங்கு விதைக்கிறார். விற்பனைக்குப் போட்ட மக்காச்சோளத்தைக்கூட அவர் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. உறைபனி பட்டதும் டர்னிப் தழை இனிக்கும், நவம்பரில் மான்கள் தேடி வரும். ஓரத்து ஓக் மரத்தில் இருவர் உட்காரும் வேட்டைப் பரண் இருக்கிறது. இது எதுவும் சட்டத்துக்கு விரோதமில்லை.

2. மான்களை உருக்கிக் கொல்லும் அந்தப் பாழும் நோய் வந்ததிலிருந்து நம் மாவட்டத்தில் தீனி கொட்டத் தடை இருக்கிறது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் நோய் பரவும் என்பது சரிதான். அந்த விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேரோடு நிற்கும்வரை டர்னிப் வெறும் பயிர், அதையே பிடுங்கி ஓரிடத்தில் குவித்தால் சட்டப்படி அது மானை இழுக்க வைத்த இரை. இது இங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு நினைவில் இல்லை.

3. நவம்பர் 12 அன்று எங்கள் தேவாலயத்தில் இலையுதிர்கால விருந்து. இருநூறு பேர் சாப்பிடுவார்கள். சமையலுக்குப் பொறுப்பான ஜெனீவா ராஷ்கே என்னைப் பிடித்துக்கொண்டார். "டர்னிப் உன் பொறுப்பு ஆர்டிஸ். போன வருஷம் கடையில வாங்கினது ரப்பர் மாதிரி இருந்துச்சு. உங்க வீட்டுக்காரரு மானுக்கே ஏழு ஏக்கர் போடறாரு, மனுஷனுக்கு நாலு கூடை தர மாட்டாரா?" என்றார். தந்தோம். முந்தைய நாள் நானே போய்ப் பிடுங்கினேன். எனக்கு முழங்கால் சரியில்லை. அந்த வயலில் உட்கார இடம் என்று இருப்பது பரண் ஏணியின் கடைசிப் படி மட்டும்தான். அதில் உட்கார்ந்து நாலு கூடைக் கிழங்குக்கும் தழையை நறுக்கி அங்கேயே போட்டேன். சொத்தைக் கிழங்குகளையும் போட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவியதோடு அதை மறந்தும் போனேன். சமையலறையில் நாற்பது ஆண்டாக நறுக்கிய இடத்திலேயே தழையைப் போட்டுப் பழகிய கை, அதற்கு வயலென்றும் பரணென்றும் தெரியவில்லை.

4. வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 17ஆம் தேதி, வேட்டைக் காவலர் திரு. கோரி எங்கல்ப்ரெட் நிலத்தைப் பார்வையிட வந்தார். சரியாகப் பரணுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு டர்னிப் குவியல், சுற்றிலும் மான் குளம்புத் தடம். அவர் வேறு என்ன நினைப்பார்? அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஐயா, இது யாரு போட்டது?" என்று மரியாதையாகத்தான் கேட்டாராம். என் கணவர் குவியலைப் பார்த்தார். தழையைப் பார்த்ததுமே அது என் கைவெட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான் தம்பி. எழுதிக்கோ" என்றார். திங்கட்கிழமை வரவிருந்த பனிப்பொழிவைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

5. எனக்கு இது தெரியவே தெரியாது. டிசம்பரில் ஆணை வந்து, உறையைப் பிரித்த பிறகுதான் விவரம் தெரிந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "உன் பேர்ல எழுதினா அப்புறம் யாரு சுடறது? நடுங்கற கையை வெச்சுக்கிட்டு நான் வானத்தையா சுடுவேன்?" என்றார். விஷயம் இதுதான், அம்மையீர். அவர் கடைசியாகத் துப்பாக்கியைத் தூக்கி நான்கு ஆண்டு ஆகிறது. கை நடுக்கம். நான்கு ஆண்டாக எங்கள் வீட்டுக்கு மானடிப்பது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேணாம், சின்னது. பின்னால ஒண்ணு வருது பாரு" என்று காதோரம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அவசரப்பட்டால் திட்டுவார். உபயோகமில்லாத தன் உரிமம் போனால் போகிறது, என்னுடையது பிழைக்கட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

6. கணக்கில் ஒரு பிசகு. ஆணையின் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். இரண்டாம் பக்கத்தில், தடைக்காலம் முடியும்வரை வேட்டை நாட்களில் துப்பாக்கி ஏந்திய எவருடனும் அவர் வேட்டை நிலத்தில் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தேன். உரிமத்தை விட்டுக்கொடுத்தார், தெரிந்தேதான். பரணில் தன் இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது அவருக்குத் தெரியாது.

7. மேல்முறையீட்டில் தண்டிக்கப்பட்டவரே கையொப்பமிட வேண்டும் என்று தங்கள் அலுவலகம் சொல்கிறது. அவர் மாட்டேன் என்கிறார். "நான் இல்லேன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க" என்பதுதான் அவர் பதில். கெஞ்சிப் பார்த்துவிட்டேன், கோபித்தும் பார்த்துவிட்டேன். அவரிடம் கையெழுத்து வாங்குவதைவிடத் தங்களிடம் பதில் வாங்குவது எளிது என்று நினைத்து எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெனீவா ராஷ்கேயும் விருந்துச் சமையலில் இருந்த மற்ற இருவரும் கிழங்கு கொண்டுவந்தது நான்தான் என்று எழுதிக் கையொப்பமிட்ட தாளை இணைத்திருக்கிறேன்.

8. அரசாங்கத்துக்கு மூன்று ஆண்டு பெரிய காலம் அல்ல. மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னது, வரும் இலையுதிர்காலத்தில் அவர் ஏணி ஏறிவிடுவார், அதற்கடுத்த ஆண்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்பதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. இரவில் உறைந்து பகலில் இளகுகிற இந்த மார்ச் நாட்களில்தான் மான்களுக்கான நிலத்தில் தீவனப்புல் விதையைத் தூவ வேண்டும். நிலம் வெடித்து விதையைத் தானே உள்ளே வாங்கிக்கொள்ளும். பத்து நாள் போனால் இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். மூட்டை கொட்டகையில் பிரிக்காமல் கிடக்கிறது. நேற்று தூவச் சொன்னேன். "யாருக்கு?" என்றார்.

9. ஆகவே, தடையை என் பெயருக்கு மாற்றி ஆணையிட வேண்டுகிறேன். சட்டத்தில் அதற்கு வழியில்லை என்றால் இன்னொன்று கேட்கிறேன். என் வேட்டை உரிமத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம். நவம்பரில் வேட்டை நடக்கும் ஒன்பது நாளும் எங்கள் பரணில் துப்பாக்கி இருக்காது. துப்பாக்கி இல்லாத ஒரு கிழவர், துப்பாக்கி இல்லாத தன் மனைவியின் பக்கத்தில், தன் சொந்த நிலத்தில் உட்காரலாம் என்று ஒரே ஒரு வரி எழுதி, தங்கள் கையொப்பத்தோடு அனுப்பிவையுங்கள். சுடுவதற்காகத்தான் அந்தப் பரணில் நான் இத்தனை ஆண்டு உட்கார்ந்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இடம்: டேமரிக் ஓடை
நாள்: 6.3.2023

தழையைக் குவித்தவள்,
ஆர்டிஸ் ஸ்டூப்ஸ்