வலப்பக்கம் வெறுமை

வெள்ளவத்தை,
செவ்வாய்

அன்புள்ள அப்பா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறு எங்கள் ஒழுங்கைப் பெடியள் கடற்கரையில் கிரிக்கெட் ஆடினார்கள். வழக்கமாக ஆடும் அந்தக் குறுகிய ஒழுங்கையில் வலப்பக்கம் பொன்னம்பலம் மாஸ்டர் வீட்டு யன்னல். அங்கே அடித்தால் அவுட். அந்தப் பழக்கத்தில் கடற்கரையிலும் இடப்பக்கமே விளாசினார்கள். எதிரணி தன் ஆட்கள் எல்லாரையும் அங்கேயே நிறுத்திவிட்டது. எங்கள் பெடியள் வரிசையாகப் பிடி கொடுத்து அவுட்டானார்கள். வேடிக்கை பார்த்த எனக்குப் பொறுக்கவில்லை.

“வலப்பக்கம் வெறுமையாக் கிடக்கு, தட்டிவிடுங்கோடா!” என்று கத்தினேன்.

“அப்ப நீங்க வாங்க, ஒராள் குறைவு” என்றான் அணித்தலைவன் ஷிஹான்.

முதல் பந்து விரலில் பட்டது. வீக்கம் வற்றிவிட்டது, அம்மாவிடம் சொல்லவேண்டாம். அடுத்ததை வலப்பக்கம் மெல்லத் தட்டினேன். தேவைப்பட்ட கடைசி ஓட்டத்தை ஓடி வென்றோம்!

விளையாட என் பழைய கன்வஸ் சப்பாத்தை பஸ்ஸில் போட்டுவிடுங்கள். வேலைக்கு நேரமாகிறது. இங்கே வந்து எட்டு மாதத்தில் என்னை விளையாடக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வரும் ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மகன்,
கிரிசாந்